ஒரு நெல்மணியின் வயது

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் பொருந்தல். அவ்வூரில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. பெருங்கற்காலக் கல்லறை ஒன்றைத் திறந்தபோது, நான்கு கால்களையுடைய சாடியொன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருப்பது தெரியவந்தது. இறந்தவருக்காகப் படைக்கப்பட்ட நெல் அது. அக்கல்லறையிலேயே, கலங்களைத் தாங்கும் பிரிமனை ஒன்றின்மீது ‘வய்ர’ என்னும் தமிழி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன.

சாடியும் பிரிமனையும் ஒரே கல்லறையில் ஒருங்கே வைக்கப்பட்டவை. ஆகவே நெல் விளைந்த காலம் தெரிந்தால், அந்த எழுத்துகள் எப்போது வழக்கில் இருந்தன என்பதும் தெரிந்துவிடும். அதுவரை அறிஞர் பலர், அசோகர் காலத்துப் பிராமி எழுத்திலிருந்தே தமிழி தோன்றியது என்றும், அதன் தொடக்கம் பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்றும் கருதிவந்தனர். அக்கருத்து நிலைக்குமா, மாறுமா என்னும் வினா, இப்போது ஒரு கைப்பிடி நெல்லைச் சார்ந்து நின்றது.

நெல்மணியில் ஆண்டு எழுதப்பட்டிருப்பதில்லை. ஆனால் அதனுள் எண்ணத்தக்க ஒன்று இருக்கிறது.

கார்பன் என்னும் கடிகாரம்

இயற்கையில் கிடைக்கும் கார்பன் அணுக்களில் 100க்கு ஏறத்தாழ 99 அணுக்கள் கார்பன்-12 வகையைச் சார்ந்தவை. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி கார்பன்-13. இவை இரண்டும் நிலையானவை. மூன்றாவது வகையான கார்பன்-14 மிக அரியது. கதிரியக்கத் தன்மை உடையது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் நியூட்ரான்களைத் தோற்றுவிக்கின்றன. அந்த நியூட்ரான்கள் நைட்ரஜன் அணுக்களைத் தாக்கும்போது கார்பன்-14 உருவாகிறது. அது ஆக்சிஜனுடன் கூடிக் கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கிறது. ஒளிச்சேர்க்கையின் வழியே தாவரத்தின் உடலில் புகுகிறது. தாவரத்தை உண்ணும் விலங்கிற்கும் மனிதருக்கும் சென்றுசேர்கிறது.

உயிருள்ளவரை இழப்பும் வரவும் ஈடாகின்றன. கதிர் அறுக்கப்பட்ட நாளோடு நெல்லுக்கு வரவு நின்றுவிடுகிறது. அன்றுமுதல் இழப்பு மட்டுமே. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். அதாவது அத்தனை ஆண்டுகளில் அதன் அளவு பாதியாகக் குறையும். 2,500 ஆண்டுகளுக்கு முன் அறுக்கப்பட்ட நெல்லில் தொடக்க அளவில் ஏறத்தாழ 74 விழுக்காடு எஞ்சியிருக்கும். எஞ்சியதை அளந்தால், கழிந்த காலத்தைக் கணக்கிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் லிபியும் அவருடைய குழுவினரும் 1949இல் இம்முறையை நிறுவிக் காட்டினர். வயது முன்பே தெரிந்த எகிப்திய மரத்துண்டுகளை அளந்து, தம் கணக்கு பொருந்துகிறதா என்று அவர்கள் சோதித்தனர். 1960இல் லிபிக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கருத்து எளியது. அளத்தல்தான் அரிது. உயிருள்ள தாவரத்தில் ஓர் இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்றே கார்பன்-14. இதனை நெல்லைக் கொண்டே விளக்கலாம். ஒரு நெல்மணியின் எடை 25 மில்லிகிராம் என்று கொண்டால், ஓர் இலட்சம் கோடி நெல்மணிகளின் எடை 25,000 டன். பத்து டன் ஏற்றும் சரக்குந்துகள் 2,500 வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் எங்கோ ஒரே ஒரு நெல்மணி மட்டும் வேறு வகை. அதைக் கண்டெடுக்க வேண்டும். கார்பன்-14ஐ அளப்பது இத்தகைய வேலையாகும்.

காத்திருத்தலும் எண்ணுதலும்

லிபியின் முறை காத்திருக்கும் முறை. கார்பன்-14 சிதையும்போது ஓர் எலக்ட்ரானை வெளியிடும். அதனைக் கருவி பதிவுசெய்யும். இன்றைய தாவரத்திலிருந்து பெற்ற ஒரு கிராம் கார்பனில் ஏறத்தாழ ஆறாயிரம் கோடி கார்பன்-14 அணுக்கள் உள்ளன. ஆயினும் அவற்றுள் ஒரு நிமிடத்தில் சிதைபவை ஏறத்தாழ 14 மட்டுமே. ஏனையவை அமைதியாக இருக்கின்றன. கிராம் கணக்கில் கார்பன் கிடைத்தால் இந்த முறையில் ஓரிரு நாள்களில் விடை பெறலாம்.

ஒரு மில்லிகிராம் மட்டுமே கிடைத்தால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 சிதைவுகள். விடையில் ஒரு விழுக்காட்டுத் துல்லியம் வேண்டுமானால் 10,000 சிதைவுகளை எண்ண வேண்டும். அதற்கு 500 நாள்கள் தேவைப்படும். அந்த ஒரு விழுக்காட்டுப் பிழையே காலக்கணக்கில் ஏறத்தாழ 80 ஆண்டுகளாக மாறும். ஒன்றரை ஆண்டு காத்திருந்தும் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட ஐயம் எஞ்சிநிற்கும்.

இந்த மில்லிகிராமில் ஆறு கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் சிதைவதற்காக ஏன் காத்திருக்க வேண்டும்? சிதைவதற்கு முன்பே அவற்றை நேரே பிரித்தெடுத்து எண்ணினால் என்ன? இந்த வினாவுக்கு 1977இல் விடை கிடைத்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்திலும் இரு குழுக்கள், அணுக்கரு ஆய்வுக்காக நிறுவப்பட்டிருந்த துகள் முடுக்கிகளைக் கொண்டு கார்பன்-14 அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டின. இதுவே முடுக்கி நிறை நிறமாலையியல் எனப்படுகிறது. கிராம் கணக்கில் தேவைப்பட்ட கார்பன் மில்லிகிராமாகக் குறைந்தது. நாள் கணக்கான அளவீடு ஒரு மணிநேரத்திற்குள் முடிந்தது. ஒரு பிடி கரி வேண்டிய இடத்தில் ஒரே ஒரு நெல்மணி போதுமானதாயிற்று.

போலிகளை விலக்கும் கருவி

நிறை நிறமாலைமானியின் அடிப்படை புதியதன்று. மின்னூட்டம் பெற்ற அணு அயனி எனப்படும். அயனிகளை ஒரே விசையால் உந்திக் காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினால் எடை குறைந்தது மிகுதியாக வளையும். எடை மிகுந்தது குறைவாக வளையும். வளைவைக் கொண்டு எடையை அறியலாம். பிரான்சிஸ் ஆஸ்டன் 1919இல் அமைத்த கருவியே பல தனிமங்களின் ஐசோடோப்புகளைப் பிரித்துக் காட்டியது.

கார்பன்-14ஐப் பொறுத்தவரை இடர், போலிகளால் வருவது. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக நிறைந்துள்ள நைட்ரஜனின் நிறையும் 14. இரண்டிற்கும் உள்ள எடை வேறுபாடு எண்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே. கார்பன்-13உடன் ஒரு ஹைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறும், கார்பன்-12உடன் இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறும் அதே 14 என்னும் எண்ணைத் தாங்கி வருகின்றன. வளைவை மட்டும் பார்த்தால் இவற்றுள் எது உண்மையான கார்பன்-14 என்று அறிய இயலாது.

போலிகள் விலக்கப்படும் வழி வியக்கத்தக்கது. முதலில் நெல்லை அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறிக் கழுவி, மண்ணிலிருந்து ஊறிய அயற்பொருள்களை நீக்குகின்றனர். பின்பு அதனை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கி, இரும்புத்தூளின் துணையால் கிராஃபைட்டாக மாற்றுகின்றனர். அந்தக் கிராஃபைட்டின்மீது சீசியம் அயனிகளைப் பாய்ச்சும்போது கார்பன் அணுக்கள் எதிர்மின் அயனிகளாகத் தெறித்து வெளிவருகின்றன. கார்பன் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்று நிற்கவல்லது. நைட்ரஜனால் அவ்வாறு நிலைத்து நிற்க இயலாது. எண்ணிக்கையில் மிகுந்த போலியான நைட்ரஜன் வாயிலிலேயே கழன்றுவிடுகிறது. கருவியின் பிற பகுதிகள் அனைத்தையும்விட இந்த ஓர் இயல்பே இம்முறையை இயலச் செய்தது என்று கூறுவது மிகையாகாது.

அடுத்து மூலக்கூறுகள். எதிர்மின் அயனிகள் பல இலட்சம் வோல்ட் மின்னழுத்தத்தால் ஈர்க்கப்பட்டு, முடுக்கியின் நடுவே மெல்லிய வாயுப் படலத்தைக் கடக்கின்றன. அம்மோதலில் எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாக மாறுகின்றன. எலக்ட்ரான்களால் பிணைக்கப்பட்டிருந்த மூலக்கூறுகள் பிணைப்பிழந்து சிதறுகின்றன. அவற்றின் துண்டுகளுக்கு 14 என்னும் நிறை இல்லை. ஆகவே அடுத்த காந்தத்தில் அவை வழிமாறிப் போகின்றன. இறுதிவரை வருவது கார்பன்-14 மட்டுமே.

வந்தடைந்ததை அறிதல்

ஓர் அணு வந்து சேர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? கார்பன்-14 அயனி மிகுந்த ஆற்றலோடு வருவதால் இங்கு அது கடினமன்று. வாயு நிரம்பிய சிறு அறைக்குள் மெல்லிய படலத்தின் வழியே புகுந்து, வாயு அணுக்களை மின்னேற்றம் செய்துகொண்டே அது நின்றுவிடுகிறது. அதனால் எழும் மின்துடிப்பு ஒன்று, அணு ஒன்று.

வேகம் குறைந்த துகள்களிடம் இந்த எளிமை இல்லை. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை எடையிடப் பறத்தல் நேர நிறை நிறமாலைமானி பயன்படுகிறது. அயனிகள் அனைத்தையும் ஒரே மின்னழுத்தத்தால் உந்திவிட்டு, குறிப்பிட்ட தொலைவைக் கடக்க ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது அளக்கிறது. 20,000 வோல்ட்டால் உந்தப்பட்ட, 14 அலகு நிறையுள்ள அயனி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மைக்ரோ வினாடி ஆகும். ஒன்றரை இலட்சம் அலகு நிறையுள்ள நோய் எதிர்ப்புப் புரதத்திற்கு ஏறத்தாழ 200 மைக்ரோ வினாடி ஆகும். இரண்டின் ஆற்றலும் ஒன்றே. ஆனால் வேகம் நூற்றில் ஒரு பங்கு. வழக்கமான உணர்கருவியில் நுண்ணிய கண்ணாடித் துளைகள் இலட்சக்கணக்கில் உள்ளன. துளையின் சுவரில் அயனி மோதி ஓர் எலக்ட்ரானையாவது பெயர்த்தால்தான் அது பெருகிக் குறிப்பாக மாறும். மெல்ல வரும் பெரிய மூலக்கூறு பெரும்பாலும் எதையும் பெயர்ப்பதில்லை. அது வந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

இக்குறையைத் தீர்க்க மீக்கடத்திகள் உதவுகின்றன. 1911இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ், பாதரசத்தை மிகக் குளிர்வித்தபோது அதன் மின்தடை முற்றிலும் மறைவதைக் கண்டார். அந்நிலையில் எலக்ட்ரான்கள் இணை இணையாகக் கூடி ஓடுகின்றன. இந்த இணைப்பு மிக மெல்லியது. சிறிதளவு ஆற்றல் பட்டாலும் முறியும். ஆகவே மீக்கடத்திப் படலத்தில் மோதும் மூலக்கூறு எவ்வளவு மெல்ல வந்தாலும், அது கொண்டுவந்த ஆற்றல் எண்ணற்ற இணைகளை முறித்துக் குறிப்பை எழுப்பிவிடும். 1990களின் நடுவில் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய உணர்கருவிகள் புரத மூலக்கூறுகளைக் கொண்டு சோதிக்கப்பட்டன. நியோபியம் நைட்ரைடாலான நுண்கம்பிகளைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பின்னர் ஜப்பானிலும் ஆஸ்திரியாவிலும் தொடர்ந்தன. அவற்றைக் கழிய 270 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் வைத்திருக்க வேண்டும். உணரும் பரப்பும் மிகச் சிறியது. அதனால் இக்கருவிகள் இன்னும் ஆய்வகங்களின் எல்லையைத் தாண்டிப் பரவலாகவில்லை. மீக்கடத்தி உணர்விகளை உருவாக்கும் திறன் தமிழ்நாட்டிலும் உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மூளையின் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் மீக்கடத்திக் கருவி அமைக்கப்பட்டுள்ளது. நெல்லின் காலத்தைக் கணிக்க அத்தகைய குளிர் தேவையில்லை. வாயு அறையே போதும்.

நொய்யற்கரைச் சான்றுகள்

பொருந்தல் நெல் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. கிடைத்த விடை பொ.ஆ.மு. 490. மற்றொரு கல்லறையின் நெல்லுக்குப் பொ.ஆ.மு. 450 என்னும் காலம் கிடைத்தது. அசோகரின் ஆட்சிக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட காலம் இது.

ஓரிரு அளவீடுகளைக் கொண்டு எழுத்தின் வரலாற்றையே மாற்றலாகாது என்று அறிஞர் சிலர் தயங்கினர். அத்தயக்கம் நேர்மையானது. ஆகவே அடுத்த சான்று கொங்கு நாட்டின் நடுப்பகுதியில் தேடப்பட்டது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே காவிரியை நோக்கி ஓடும் நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு மேற்கே உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலனுக்குப் பெயர்பெற்றதாகச் சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பர். சேர நாட்டின் மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, ரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த வெள்ளலூரை ஒட்டிக் கரூருக்குச் சென்ற பெருவழியில் இவ்வூர் அமைந்திருந்தது.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், சங்கு வளையல் துண்டுகள், படியூர்ப் பச்சைக்கல் முதலியவற்றைக் கொண்டு மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் ஆகியன வெளிப்பட்டன. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கண்ணன் ஆதன், சம்பன், சுமணன், விசாகி என்று அவற்றில் காணப்படும் பெயர்கள் அரசர்களுடையவை அல்ல. உலைக்களத்திலும் பட்டறையிலும் வணிகத்திலும் வாழ்ந்த மக்களுடையவை. எழுத்தறிவு அரண்மனையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இவ்வோடுகளைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2012, 2013 ஆம் ஆண்டுகளில் கா. ராஜன் இங்கு மீண்டும் அகழ்ந்தபோது, வெவ்வேறு மண்ணடுக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட ஐந்து மாதிரிகள் முடுக்கி முறையில் அளக்கப்பட்டன. பொ.ஆ.மு. 200, 275, 300, 330, 408 என்பன கிடைத்த காலங்கள். ஆழம் கூடக்கூட வயதும் கூடியது. ஐந்தும் வரிசை பிறழாமல் அமைந்ததே இங்கு முதன்மையானது. தனித்த ஓர் எண் தற்செயலாக அமையலாம்; மண்ணடுக்கின் வரிசையோடு ஐந்து எண்கள் ஒத்துச்செல்வது தற்செயலாக நிகழ்வது அரிது. பின்னர் கீழடியில், எழுத்துப் பொறித்த ஓடுகளுக்குக் கீழே கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 580 என்னும் காலம் அளக்கப்பட்டு, 2019இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் வெளியிடப்பட்டது.

எண்ணுக்குப் பின்னால்

செய்தித்தாள்களில் ‘பொ.ஆ.மு. 490’ என்று ஒற்றை எண்ணைப் படிப்போர், அது பிறந்த நாள் சான்றிதழைப் போன்றது என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது ஒரு கால வரம்பின் நடுவே நிற்கும் குறி.

காற்றிலுள்ள கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. கதிரவனின் செயற்பாட்டிற்கு ஏற்பவும் புவியின் காந்தப்புலத்திற்கு ஏற்பவும் அது ஏறி இறங்கியுள்ளது. இதனைச் சரிசெய்ய, மரங்களின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொரு வளையத்தின் கார்பன்-14ஐயும் அளந்து திருத்த வளைகோடு ஒன்றை உருவாக்கியுள்ளனர். அவ்வளைகோடு பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கிறது. அந்நூற்றாண்டுகளில் காற்றின் கார்பன்-14 சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்தது. முன்னர் வளர்ந்த மரம் மிகுதியாகப் பெற்று மிகுதியாக இழந்தது. பின்னர் வளர்ந்தது குறைவாகப் பெற்றுக் குறைவாக இழந்தது. இன்று இரண்டிலும் எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரே அளவு. கருவி எத்துணைத் துல்லியமாக எண்ணினாலும், ஒரு மாதிரி பொ.ஆ.மு. 700ஐச் சார்ந்ததா 450ஐச் சார்ந்ததா என்று பிரித்துச் சொல்வது இங்குக் கடினம்.

தமிழி எழுத்தின் தொடக்கம் பற்றிய வழக்கு இந்த மட்டமான பகுதியை ஒட்டியே நடைபெறுகிறது என்பதுதான் சிக்கல். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைகோடு மட்டமாக இருப்பதால் எழும் ஐயம் பெரும்பாலும் காலத்தைப் பின்னுக்கு, அதாவது மேலும் பழமையை நோக்கியே விரிக்கிறது. பொ.ஆ.மு. 400க்குப் பிறகு வளைகோடு மீண்டும் சரிகிறது. மட்டமான பகுதியில் விழும் நெல் அசோகர் காலத்து நெல்லாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இனி எஞ்சும் வினா இயற்பியலுக்கு உரியதன்று: நெல்லும் எழுத்தும் ஒரே நாளில்தான் அக்கல்லறைக்குள் சென்றனவா? அதனை மண்ணடுக்கைப் படிக்கத் தெரிந்த தொல்லியலாளரே கூற இயலும்.

எதை அளப்பது என்பதும் அவர்களின் தேர்வே. முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் வயிரப்பகுதியைச் சுட்ட கரி, அடுப்பு எரிந்த நாளைவிட முந்நூறு ஆண்டு முந்தைய காலத்தைக் காட்டக்கூடும். நெல் ஒரு பருவத்துப் பயிர். அது காட்டுவது அறுவடையான ஆண்டையே. அதனால்தான் கரித்துண்டுகளுக்கு நடுவே தானியம் தென்பட்டால் அகழ்வோர் மகிழ்கின்றனர். 2,500 ஆண்டுப் பழமையான மாதிரியில் இக்காலத்துக் கார்பன் ஒரு விழுக்காடு கலந்தாலே வயது ஏறத்தாழ 30 ஆண்டு குறைந்துவிடும். எனவே வேர்நார் ஒன்று ஒட்டியிருந்தாலும், கையின் எண்ணெய்ப் பசை பட்டாலும் இழப்புதான். மாதிரியை வெறுங்கையால் தொடாமல் தூய இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, ஆய்வுக்குழியின் எண், மண்ணடுக்கு, ஆழம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதிவைக்கின்றனர்.

பொருந்தல் நெல் கடல் கடந்து சென்று வயது அறிந்துவந்தது. இன்று புதுதில்லிப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும் கார்பன்-14 அணுக்களை எண்ணும் முடுக்கிகள் இயங்குகின்றன.